ஒரு செமஸ்டரா, முழு ஆண்டா? பரிமாற்ற மாணவர் யோசிக்க மறக்கும் கேள்வி

பரிமாற்ற மாணவராக வெளிநாடு போவது என்று முடிவானதும், எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தின் ஒரு மூலையில் 'ஒரு செமஸ்டர்', 'ஓராண்டு' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதைப் போகிற போக்கில் நிரப்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முதல் கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் போனேன். எந்த நாடு என்பதைவிட அந்தக் குறிதான் என் அனுபவத்தைத் தீர்மானித்தது என்பது திரும்பி வந்த பிறகே உறைத்தது.

செமஸ்டருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம், செலவும் அலைச்சலும் குறைவு என்பது. செலவு விஷயத்தில் இது பாதி உண்மை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தின் பேரில் போகிறவர் பெரும்பாலும் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கட்டணம் கட்டுகிறார். ஆகவே கூடுதல் செலவு தங்குவதிலும் சாப்பாட்டிலும்தான். ஓராண்டு என்றால் அது இரட்டிப்பாகும், மறுக்கவில்லை. ஆனால் விமான டிக்கெட்டும், விசாக் கட்டணமும், போய் இறங்கியதும் வாங்க வேண்டிய தலையணை, பாத்திரம் வகையறாக்களும் இரண்டுக்கும் ஒன்றுதான். மாதக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் செமஸ்டர்தான் விலை கூடியது.

அலைச்சல் குறைவு என்பதில் கால்வாசி உண்மைகூட இல்லை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் குறுகிய கால விசாவின் எல்லை 90 நாள்கள். ஒரு செமஸ்டர் நான்கைந்து மாதம் ஓடும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர் எப்படியும் நீண்டகால விசாவோ வசிப்பு அனுமதியோ வாங்கித்தான் ஆக வேண்டும். அதே படிவங்கள், அதே வரிசை. சிலருக்கு அனுமதி அட்டை கைக்கு வரும்போது திரும்பும் நாள் நெருங்கியிருக்கும்.

படிப்புப் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் சுவாரசியம். படிப்பின் சுமையை அளக்கும் ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. எந்தப் பாடத்துக்குப் பதிலாக எந்தப் பாடம் என்று கிளம்பும் முன்பே கற்றல் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அங்கே போனால், எழுதிக்கொடுத்த பாடங்களில் ஒன்று அந்தப் பருவத்தில் நடத்தப்படாது. இன்னொன்றின் நேரம் வேறொன்றோடு மோதும். எனக்கு ஐந்தில் இரண்டு இப்படிப் போயின. கிடைத்ததை அள்ளிக்கொண்டு 30ஐ நிரப்பினேன். அதில் ஒரு பாடத்தைச் சொந்தத் துறை ஏற்க மறுத்தது. ஓராண்டுக்காரருக்கும் இதே சிக்கல் வரும், ஆனால் விட்டதைப் பிடிக்க அவருக்கு இரண்டாம் பருவம் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று பாடங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட துறைகளில், முழு ஆண்டு வெளியே இருந்தால் பட்டமே தள்ளிப்போகலாம். அப்படிப்பட்ட துறையில் இருப்பவர் செமஸ்டரோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நடக்கும். தேர்வுகள் அதற்குப் பிறகும் நீளலாம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி அல்லது மார்ச்சில். சொந்த நாட்டில் ஜனவரியில் வகுப்பு தொடங்கும் மாணவர் ஒரு செமஸ்டருக்கு என்று ஜெர்மனி போனால், ஒரு தேர்வை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும், அல்லது இங்கே ஒரு மாத வகுப்பை இழக்க வேண்டும்.

மொழியும் நட்பும் இனி. என் தீர்ப்பு சாய்வது இங்கேதான். முதல் இரண்டு மாதம் காது பழகுவதற்கே போய்விடும். கடைக்காரரோடு தயங்காமல் நாலு வாக்கியம் பேச வரும்போது பெட்டி கட்டும் வேளை வந்துவிடும். போகப்போகிறவர் என்று தெரிந்தால் உள்ளூர் மாணவர்களும் அதிகம் நெருங்குவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என் நண்பர்கள் எல்லோரும் என்னைப் போலவே வந்துபோகிற பரிமாற்ற மாணவர்கள்தான். ஓராண்டுக்குத் தங்கியவர்களோ இரண்டாம் பருவத்தில் புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டிகளாக மாறியிருந்தார்கள்.

ஓராண்டு என்றாலே இன்பம் என்று அர்த்தமில்லை. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள், இடைப்பட்டவர்கள்தான் திணறினார்கள் என்பது அவர் கண்டது. தொடக்க நாள்களே மிகக் கடினம் என்று பின்னாளில் மறுத்தவர்களும் உண்டு. லிஸ்கார்ட் சொன்னது சரியென்றால், செமஸ்டர்காரர் அந்தத் திணறல் என்ற பள்ளம் வருமுன்பே இறங்கிவிடுகிறார். என்னைப் போன்றவர்கள் திரும்பி வந்து இனிப்பான கதைகளாகவே சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐந்து நாள் முதல் 30 நாள் வரையிலான குறுகிய காலப் பயணங்களும் 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் இருக்கின்றன. வேலையோ குடும்பமோ பிடித்து நிறுத்துகிறவர்களுக்கு அது நல்ல வழி. மேலே சொன்ன இரண்டுக்கும் அது போட்டியில்லை.

'முதலில் ஒரு செமஸ்டர் போகிறேன், பிடித்தால் நீட்டித்துக்கொள்கிறேன்' என்பார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பல்கலைக்கழகங்களும் சம்மதிக்க வேண்டும், விசா நீள வேண்டும், விடுதி அறை அடுத்தவருக்கு ஒதுக்கப்படாமல் இருக்க வேண்டும். என் அறை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஓராண்டுக்கு என்று போய்ப் பாதியில் திரும்புவது அதைவிட எளிது. வாங்கிய உதவித்தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தர நேரலாம், அவ்வளவுதான். துறை அனுமதித்து, கைக்காசும் தாங்குமானால் இரண்டாவது கட்டத்தில் குறியிடுங்கள்.