டிரெட்ஸ்: பில் பணம் மறுநாளே கைக்கு வருமா?

கோவையில் பம்ப் உதிரிபாகமோ, ஓசூரில் வண்டிப் பாகமோ செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளை நெரிப்பது பெரும்பாலும் ஆர்டர் பஞ்சம் இல்லை. சரக்கு போய் மூன்று மாதம் கழித்து வரும் பணம். அந்த இடைவெளியை அடைக்க ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் விதிமுறை வகுத்தது. அப்படி வந்த டிரெட்ஸ், அதாவது சிறு நிறுவனங்களின் பில்லை ஏலத்தில் வைத்து முன்கூட்டியே பணமாக்கும் ஆன்லைன் தள ஏற்பாடு, 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியவை இதில் பழைய மூன்று தளங்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. இன்வாய்ஸைத் தளத்தில் ஏற்றுகிறீர்கள். சரக்கு வாங்கிய கம்பெனி அதை அங்கேயே ஒப்புக்கொள்கிறது. வங்கிகளும் ஃபேக்டரிங் கம்பெனிகளும் (பில்லை வாங்கிக்கொண்டு பணம் தருபவை) வட்டி கேட்டு ஏலத்தில் இறங்குகின்றன. குறைந்த வட்டியை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அடுத்த வேலை நாளில் கணக்கில் பணம் விழுகிறது. தவணை நாளில் வங்கி தன் பணத்தைச் சரக்கு வாங்கிய கம்பெனியின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இதில் சிறந்த அம்சம், வட்டி உங்கள் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து முடிவாகாமல், வாங்குபவரின் கடன் ரேட்டிங்கைப் பார்த்து முடிவாவது. சொத்து அடமானம் கேட்பதில்லை. 10 லட்ச ரூபாய் பில், 90 நாள் தவணை, 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் கழிவு சுமார் 20,960 ரூபாய். அதே தொகையை 11 சதவீத சிசி (வங்கியின் கேஷ் கிரெடிட் கடன்) கணக்கில் ஓட்டினால் 27,120 ரூபாய்க்கு மேல். சிசியில் மார்ஜின் (உங்கள் பங்காக வங்கி கழித்துக்கொள்ளும் பகுதி) போக மீதிதான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் தனி. பதியும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு பெரிய நிம்மதி: வாங்கியவர் பணம் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்ப வர முடியாது. வழக்கமான பில் டிஸ்கவுண்டிங்கில் (பில்லைக் காட்டி வங்கியில் முன்பணம் வாங்குவதில்) அந்தப் பொறுப்பு பெரும்பாலும் விற்றவர் தலையில்தான் விழும். போலி பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் முழுக்க 'ஒப்புதல்' என்ற ஒரே படியில் இருக்கிறது. விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் பதிய வேண்டும் என்று 2018ல் அரசு உத்தரவிட்டது. 2024 நவம்பரில் அந்த வரம்பை 250 கோடியாக இறக்கியது. பதிவுதான் கட்டாயம். உங்கள் பில்லை அங்கே ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிந்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஒப்புக்கொள்ளாமல் கம்பெனிகள் இருக்க முடிவது இதனால்தான். முன்மாதிரியாகப் பேசப்படும் மெக்சிகோவின் நாஃபின் வங்கித் திட்டத்தில், வாங்கும் பெரிய கம்பெனியே தான் தர வேண்டிய தொகைகளைத் தளத்தில் ஏற்றிவிடும். சிறு சப்ளையர் ஒப்புதலுக்காகக் கையேந்துவதில்லை. இங்கும் வாங்குபவரே ஏற்றும் வழி உண்டு. உங்கள் வாடிக்கையாளர் அதற்கு இசைந்தால் அதையே கேளுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

பதிவுக்கு உத்யம் சான்று (சிறு தொழில் பதிவுச் சான்று), பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு விவரம், கேஒய்சி, கம்பெனியாக இருந்தால் போர்டு தீர்மானம். இவற்றைவிட இழுத்தடிப்பது உங்கள் சிசி வங்கியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்). வர வேண்டிய பாக்கிகள் எல்லாம் ஏற்கெனவே அந்த வங்கிக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கும். அதை விடுவித்த கடிதம் இல்லாமல் இன்னொருவர் பணம் போட மாட்டார். ஆகவே முதல் வேலையாக மேனேஜரைப் பாருங்கள். டிரெட்ஸில் விற்ற பில்லை வங்கிக்குத் தரும் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் கடனாளிகள் பட்டியலிலிருந்து கட்டாயம் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் கடன் வாங்கியதாகிவிடும். நீக்கினால் டிராயிங் பவர் (சிசியில் எடுக்க முடிகிற தொகை) குறையும்; வந்த பணத்தைச் சிசியிலேயே கட்டினால் கணக்கு சரியாகிவிடும்.

தொகையில் தப்பு வருவதும் சகஜம். டிடிஎஸ், ரிஜெக்‌ஷன், டெபிட் நோட் (வாங்குபவர் பிடித்தம் செய்யும் சீட்டு) எல்லாம் கழித்த நிகரத் தொகைக்குத்தான் ஒப்புதல் கிடைக்கும். ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான வாங்குபவரின் ரசீது) போட்டு, தரச் சோதனை முடிந்தபின் ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஏற்றினால் பில் திரும்பி வரும்.

வட்டியை யார் சுமப்பது என்பது பேரம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆகவே 45 நாளைத் தாண்டிய வட்டியை வாங்குபவர் ஏற்பதே நியாயம். பர்சேஸ் ஆர்டரிலேயே இதையும், ஜிஆர்என் ஆன எத்தனை நாளில் தளத்தில் ஒப்புதல் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எந்தத் தளம் நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் அதிகம் வாங்குபவர் எதில் உண்மையாகவே பில் ஒப்புக்கொள்கிறாரோ, அதில் சேருங்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் வெளிநாட்டு பில்களுக்கு இது பொருந்தாது. அதற்கு குஜராத்தின் கிஃப்ட் சிட்டி நிதி மையத்தில் ஐடிஎஃப்எஸ் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது.