நாய்க்கும் பூனைக்கும் மருந்து: எதை எங்கே வாங்குகிறேன்

வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படும் இரண்டு பிராணிகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நாய்க்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. வயதான பிறகு இதய வால்வுக் கோளாறும் சேர்ந்துகொண்டது. பூனைக்கு நீரிழிவு. கால்நடை மருத்துவமனை, மனிதர்களுக்கான மருந்துக்கடை, இணைய மருந்தகம் ஆகிய மூன்றிலும் பல ஆண்டுகளாக மாறி மாறி வாங்கிய பிறகு, எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக இடம் தீர்மானிக்கிறேன். அந்தத் தீர்மானத்தில் விலை கடைசியாகத்தான் வருகிறது.

புதிதாக எழுதித் தரப்படும் மருந்தை முதல் தடவை மருத்துவமனையிலேயே வாங்கிவிடுகிறேன். அங்கே விலை பெரும்பாலும் கூடுதல்தான். ஆனால் தைராய்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்து, அதன்படி அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கம் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று மாதத்துக்கான மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்தால் அது அப்படியே பெட்டியில் தங்கிவிடக்கூடும். சில நாள்களோடு முடிந்துவிடும் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் இதே முறைதான். அவற்றுக்காகக் கடை கடையாக விலை விசாரிப்பதில் பொருளில்லை.

மனிதர்களுக்கான மருந்துக்கடையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதய நோய்க்குத் தரப்படும் ஃபுரோசமைடு போன்ற மருந்துகளில் மனிதருக்கும் நாய்க்கும் மூலக்கூறு ஒன்றே. வணிகப் பெயரில்லாமல் மூலக்கூறின் பெயரிலேயே விற்கும் பொதுப்பெயர் மாத்திரையாக வாங்கினால் செலவு கணிசமாகக் குறைகிறது. தைராய்டு மருந்தான லெவோதைராக்சினும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நாய்க்கு வழக்கமான தொடக்க அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை. 20 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கே 0.4 மில்லிகிராம், அதாவது 400 மைக்ரோகிராம் என்று கணக்கு வருகிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் எடுத்துக்கொள்வதைவிட இது பல மடங்கு அதிகம். எங்கள் சீட்டைப் பார்த்த மருந்தாளுநர் ஒருவர், “புள்ளி இடம் மாறி விழுந்துவிட்டதா, ஒருமுறை கேட்டுவிடுகிறேன்” என்று சொல்லி, என் எதிரிலேயே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் மாத்திரையை எடுத்துத் தந்தார். அந்தக் கடையில்தான் இன்றும் வாங்குகிறேன். வேறொரு கடையிலோ யாரையும் கேட்காமல் தாங்களாகவே குறைந்த வலுவுள்ள அட்டையைப் பையில் போட்டு, “இதுதான் சரியான அளவு” என்று சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மருந்துச் சீட்டில் ‘நாய்’ என்பதையும் அதன் எடையையும் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்குகிறேன். 100 மைக்ரோகிராம் மாத்திரையாகக் கிடைத்தால் வேளைக்கு நான்கு போட வேண்டியிருக்கும்; அப்போது நாய்களுக்கென்றே தயாரிக்கப்படும் அதிக வலுவுள்ள மாத்திரையோடு ஒப்பிட்டு விலையை மறுபடியும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

அதே கடையில் திரவ மருந்து வாங்குவதாக இருந்தால், சேர்மானப் பட்டியலை முழுவதும் படிக்காமல் வாங்குவதில்லை. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். நாய்க்கு அது இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று தாழ்த்தும், கல்லீரலையும் கெடுக்கும்.

பூனையின் இன்சுலினை இணையத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஒருமுறை வந்த பெட்டியில் குளிர்பொதி முழுவதும் உருகி, அட்டையின் அடிப்பக்கம் ஈரத்தில் ஊறிப்போய், குப்பியைத் தொட்டால் கை வெப்பத்துக்கு வேறுபாடே தெரியவில்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு, மருந்து கெட்டிருக்காது என்று பதில் வந்தது. எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. வீரியம் குறைந்த இன்சுலினைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது என்பதால் அதைக் கொட்டிவிட்டு, மருத்துவமனையின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதையே கையோடு பையில் வைத்துக் கொண்டுவருகிறேன்.

இன்சுலினோடு சிரிஞ்சையும் அங்கேயே வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கால்நடைகளுக்கான இன்சுலின்களில் பல, மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டவை. மனிதர்களுக்கான கடைகளில் கிடைக்கும் சிரிஞ்சுகளில் பலவோ மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்ட இன்சுலினுக்கு அளவு குறிக்கப்பட்டவை. 40 அலகு இன்சுலினை அந்தச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 4 அலகுதான். தலைகீழாக, 100 அலகு இன்சுலினை 40 அலகுச் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்; அது பூனையின் உயிருக்கே ஆபத்து. “எல்லாம் ஒன்றுதான்” என்று கடைக்காரர் சொன்னால் அங்கே வாங்காமல் திரும்பிவிடுவது உத்தமம்.

இணைய மருந்தகத்துக்கு நான் ஒதுக்கியிருப்பது இதய மருந்தான பிமோபெண்டானை. நாய்களுக்கென்றே தயாரிக்கப்படுவது, சாதாரண வெப்பநிலையில் கெடாதது, மாதாமாதம் ஒரே அளவில் தேவைப்படுவது என்பதால் பெரிய பொதியாக வாங்குவது கட்டுப்படியாகிறது. அந்த மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்த்தது, அவர்கள் எவ்வளவு தொல்லை கொடுக்கிறார்கள் என்பதைத்தான். மருந்துச் சீட்டைக் கேட்டு, அதை எழுதிய மருத்துவரோடு சரிபார்த்து, அதற்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் இடம் நம்பத் தக்கது. சீட்டே வேண்டாம், படிவத்தை நிரப்பினால் போதும் என்று அழைக்கும் இடத்தில் மருந்து எங்கிருந்து வருகிறது என்பதற்கும் உத்தரவாதம் இருக்காது. தொலைபேசியில் பேச மருந்தாளுநர் ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்க, இந்த மாத்திரையை உணவோடு கொடுக்கலாமா என்று அழைத்துக் கேட்டேன். உணவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது என்று தயங்காமல் சொன்னார்கள். பொதி வந்ததும் தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் வெளியட்டையிலும் உள்ளட்டையிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

எழுத்து வடிவில் சீட்டு கேட்டால் மருத்துவர் வருத்தப்படுவாரோ என்று பலரும் தயங்குகிறார்கள். எங்கள் மருத்துவரிடம் காரணத்தை நேரடியாகச் சொன்னேன். மூலக்கூறுப் பெயர், வலு, எத்தனை முறை மறுபடி வாங்கலாம் என்பது உட்பட எழுதிக் கொடுத்துவிட்டார். சில இடங்களில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால் சிறிய பொதிகளில் மிச்சம் எதுவும் இருக்காது.

பிமோபெண்டானை ஒரு வேளைகூடத் தவறவிட மனமில்லாததால், கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் குறையும்போதே அடுத்த பொதிக்கு எழுதிவிடுகிறேன். அப்படியும் அஞ்சல் தாமதமானால் மருத்துவமனையில் சில நாள்களுக்கான மாத்திரையை மட்டும், அவர்கள் சொல்லும் விலையிலேயே வாங்கிக்கொள்கிறேன்.