குத்துத்தையலா, பாரத்தையலா?

எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடந்த கை பைண்டிங் வகுப்பில், புத்தகம் கட்டும் இந்த இரண்டு தையலும் சொல்லித்தந்தார்கள். கடைசியில் ஏதேனும் ஒன்றில் முழுப் புத்தகம் முடிக்க வேண்டும். நான் எடுத்தது பாரத்தையல், அதாவது தாள்களை மடித்து அந்த மடிப்பிலேயே தைப்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

குத்துத்தையல் சீக்கிரம் கைவரும். தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, மேலும் கீழும் நூல் ஓட்டினால் ஒரே வகுப்பில் புத்தகம் தயார். ஒற்றைத் தாள்களுக்கு வசதி. ஜப்பானிய நான்கு துளைக் கட்டும் இந்த வகைதான், பார்க்கவும் அழகு. ஆனால் மல்லாந்து விரியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது பழுதுபார்க்கும் வேலை. வார இதழ்களிலிருந்து பாட்டி கிழித்துச் சேர்த்த தொடர்கதை ஒன்று வீட்டில் இருக்கிறது, கடையில் குத்துத்தையல் போட்டது. நூல் அறுந்தபோது பழைய துளைகள் கிழிந்திருந்ததால் இன்னும் உள்ளே தள்ளித் தைத்தார்கள். வலப்பக்கங்களில் வரியின் முதலெழுத்து புத்தகத்தின் முதுகுக்குள், அதாவது தைத்த ஓரத்துக்குள், போய்விட்டது. இன்னொரு முறை அறுந்தால் அடுத்த எழுத்தும் போகும்.

பாரத்தையலில் அந்தப் பயம் இல்லை. நான்கு தாளைச் சேர்த்து மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். துளை மடிப்பின் மேலேயே விழுவதால் எழுத்துப் பக்கம் ஊசி போகாது. நூல் நைந்தால் வெட்டி உருவிவிட்டு அதே துளைகளில் திரும்பத் தைக்கலாம். இதற்காகவே முதுகுக்கு மாவுப்பசை போடுகிறேன். ஈரத்துணி வைத்தால் இளகிவிடும். வெள்ளைப் பசை காய்ந்தபின் அப்படிப் பிரிந்து வராது.

இதை வகுப்பில் கற்பதே நல்லது. மூன்றாவது பாரத்தில் நூலை என் பக்கமாக இழுத்தேன், மடிப்பு கிழிந்தது. சொல்லித்தந்த ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "முதுகோடயே இழும்மா, உன் பக்கம் இழுக்காத" என்றார். எவ்வளவு இறுக்கம் போதும் என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது.

நான் தைத்த நோட்டுகளுக்கு வயது இரண்டு மழைக்காலம்தான். இதுவரை தளரவில்லை, பத்து வருடக் கணக்கு என்னிடம் இல்லை. ஒற்றைத் தாள்கள் என்றால் பாரத்தையலுக்கு உழைப்பும் அதிகம். பாட்டியின் கதையைப் பிரித்து, இரண்டிரண்டு தாளாக மெல்லிய காகிதப் பட்டையால் இணைத்து மடிப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். பட்டை தடித்தால் முதுகு உப்பிவிடும். ஆனால் ஊசி இனி இறங்கப்போவது பட்டையில், நொறுங்கும் பழைய தாளில் அல்ல. மறைந்திருந்த முதலெழுத்துகள் மறுபடி வெளியே வந்திருக்கின்றன.