பைத்தானின் ரேண்டம் மாட்யூல்: ஒற்றைப்படை எண் எடுக்க எவ்வளவு தோது?

1 முதல் 100 வரை ஏதாவது ஓர் ஒற்றைப்படை எண்ணை புரோகிராமே எடுத்துத் தர வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு அடிக்கடி வரும் இந்தப் பயிற்சிக்குப் பைத்தானோடு சேர்ந்தே வரும் ரேண்டம் மாட்யூல் அருமையாகப் பொருந்துகிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மாட்யூலை இம்போர்ட் செய்துவிட்டு ரேண்டம்.ரேண்ட்ரேஞ்ச்(1, 100, 2) என்று எழுதினால் வேலை முடிந்தது. 1 தொடக்கம், 100 எல்லை, 2 என்பது இரண்டிரண்டாகத் தாவச் சொல்வது. 1, 3, 5 என்று 99 வரை உள்ள 50 எண்களுக்கும் சம வாய்ப்பு.

பெரிய குறை ஒன்று உண்டு. இதே மாட்யூலில் இரண்டு எண்களுக்கு இடையே ஏதாவது ஒரு முழு எண்ணைத் தரும் ரேண்டிண்ட் கடைசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளும், ரேண்ட்ரேஞ்ச் சேர்க்காது. (1, 99, 2) என்று கொடுத்தால் 99 ஒருநாளும் வராது. எரரும் காட்டாது என்பதால் தவறு கண்ணில் படாமலே கிடக்கும். தொடக்க எண்ணை 2 என்று வைத்தால் வருவதெல்லாம் இரட்டைப்படைதான்.

பலர் ரேண்டிண்ட்(1, 100) எடுத்து, இரட்டைப்படையாக இருந்தால் 1 கூட்டுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் 100 வந்தால் விடை 101, எல்லைக்கு வெளியே போய்விடும். அது மட்டுமா? 3 என்ற விடை 2, 3 இரண்டிலிருந்தும் கிடைக்கிறது, 1 என்ற விடையோ 1 வந்தால் மட்டுமே. ஆகவே 3-க்கு உள்ள வாய்ப்பில் பாதிதான் 1-க்கு. கணக்குப் போட்டே எடுக்க விரும்பினால் 2 * ரேண்டிண்ட்(0, 49) + 1 சரியான வழி. ஒற்றைப்படை வரும்வரை வொயில் லூப்பில் திரும்பத் திரும்ப எடுப்பதிலும் பிழையில்லை. சராசரியாக இரண்டு சுற்றில் கிடைத்துவிடும். லூப் பழக அது நல்ல பயிற்சியும்கூட.

ஒரே எண் மறுபடி வராமல் ஐந்து வேண்டுமா? ரேண்டம்.சாம்பிள்(ரேஞ்ச்(1, 100, 2), 5). இருப்பது 50 எண்கள்தான், 51 கேட்டால் வேல்யூ எரர்.

உங்கள் ஃபைலுக்கு ரேண்டம் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். பைத்தான் தன் மாட்யூலை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே இம்போர்ட் செய்யும், ரேண்ட்ரேஞ்ச் இல்லை என்று அட்ரிபியூட் எரர் வரும். ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வந்தால், கோடில் எங்காவது ரேண்டம்.சீட்(7) போல ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிழை தேடும்போது அந்த வரி கைகொடுக்கும், விளையாட்டு புரோகிராமில் எடுத்துவிட வேண்டும்.

பாஸ்வேர்டு, ஓடிபி போன்றவற்றுக்கு மட்டும் இந்த மாட்யூல் ஆகாது. இது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்குமுறையில் ஓடுகிறது. போதுமான விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்து வருவதைக் கணித்துவிடலாம். அங்கே சீக்ரெட்ஸ் மாட்யூலில் 0 முதல் 49 வரை ஓர் எண் தரும் ரேண்ட்பிலோ(50)-ஐ இரட்டிப்பாக்கி 1 கூட்டுங்கள்.