அம்பாசிடர் மார்க் 2: பழையபடியே மீட்பதா, இசுசு எஞ்சின் ஏற்றுவதா?

எங்கள் பட்டறைக்கு மார்க் 2 கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர், "தாத்தா வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்" என்பார்கள். மீதிப் பேர், "வெளியே பழசா இருக்கட்டும், உள்ளே இசுசு எஞ்சின், ஏசி எல்லாம் போட்டுடுங்க" என்பார்கள். இரண்டையும் செய்து கொடுத்திருக்கிறோம். (இசுசு என்பது பிற்கால அம்பாசிடர்களில் வந்த ஜப்பானிய எஞ்சின்.) அப்பாவுக்கு எஞ்சின், சித்தப்பாவுக்கு டிங்கரிங், அண்ணனுக்கு ஒயரிங், எனக்குப் பெயிண்டும் கணக்கும்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார்ப்பது. அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. பாடியேதான் சுமை தாங்குகிறது. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் துருப்பிடித்துவிட்டால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. மேலே பட்டி பூசி மறைத்திருப்பார்கள். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாது. அங்கே அழுகிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைக்காமல் பெரிய எஞ்சினைப் பற்றிப் பேசவே கூடாது என்பது சித்தப்பாவின் பிடிவாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இனி எஞ்சின். மார்க் 2-வில் இருப்பது 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். இசுசு 1817 சிசி, சுமார் 75 குதிரைத்திறன், 5 கியர். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏசி போட்டாலும் இசுசு சோர்ந்து போகாது. பழைய எஞ்சினில் ஏசி போட்டு ஏற்காடு மலை ஏறினால் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த வசதிக்காக எதை வெட்டுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் மவுண்டிங் மாறும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்து அளவு மாற்ற வேண்டும். ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்த கியர் தரைக்கு வருவதால் நடுவில் ஓட்டை போட வேண்டும். அத்தோடு முன் சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் சுகமும் போய்விடும். என்னைப் பொறுத்தவரை அம்பாசிடரின் பாதி அழகு அந்த ஒற்றை நீள சீட்டில்தான் இருக்கிறது.

பி.எம்.சி. எஞ்சினையே வைத்துக்கொண்டாலும் காலத்துக்கேற்ற சில வேலைகள் உண்டு. அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின். வால்வு வந்து உட்காரும் இடமான வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். 2000-க்குப் பிறகு இங்கே அந்தப் பெட்ரோல் இல்லை. அதனால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கும்போதே கடினமான வால்வு சீட் பதித்துவிடுகிறோம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பெட்ரோல் குழாய், பம்பு டயஃப்ரம் என ரப்பரில் இருப்பதெல்லாம் சீக்கிரம் கெடுகிறது. எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றிவிடுவது நல்லது.

பிரேக்கில் மட்டும் நான் பழமைக்கு வாதாட மாட்டேன். நான்கு சக்கரத்துக்கும் டிரம் என்பது இன்றைய போக்குவரத்துக்குப் போதாது. பிற்கால அம்பாசிடர்களில் கம்பெனியே முன்சக்கரத்துக்கு டிஸ்க் கொடுத்தது. அதையே பொருத்தலாம். பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவும் அப்படித்தான். ஐடிலிங்கில் சரியாக சார்ஜ் ஏறாது. ராத்திரி சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். ஆல்டர்னேட்டர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் காகிதம். பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. எஞ்சினை மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். 2021இல் வந்த விண்டேஜ் விதிகளின்படி, 50 வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இசுசு ஏற்றிய மார்க் 2-வுக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது: விண்டேஜ் பதிவு பெற்றால் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. அன்றாடம் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே சரி.

என் முடிவு இது: மார்க் 2-வில் ஒரிஜினல் எஞ்சின் பிளாக் நன்றாக இருந்தால் அதைத் தூக்கவே தூக்காதீர்கள். சிலிண்டரைக் கடைந்து (போரிங்), புது பிஸ்டன் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். பிளாக் வெடித்துப்போன 1980களின் மார்க் 4 என்றால், முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு இசுசு ஏற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. இசுசுதான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், கம்பெனியிலிருந்தே இசுசுவோடு வந்த 1990களின் வண்டியைத் தேடி வாங்கினால் வெட்டு வேலையும் இல்லை, காகிதத் தொல்லையும் இல்லை.

போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றங்களை எங்கள் பட்டறையில் மறுப்பதில்லை. ஆல்டர்னேட்டர் மாட்டினால், கழற்றிய டைனமோவைத் துடைத்து, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி டிக்கியிலேயே வைத்து வண்டியோடு அனுப்பிவிடுவார் அப்பா.