உடைந்த முன்பல்லோடு மூன்றரை வருடம்

நாலு வருடத்துக்கு முதல் அக்கராயன் பக்கம் கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கியதில் மேல் முன்பல் ஒன்று முறிந்துவிட்டது. பல் முரசுக்கு வெளியே மிஞ்சியது ஒரு சிராய்தான். "வ" என்று சொன்னால் காற்றுத்தான் வந்தது. அம்மா, "பிடுங்கிப்போட்டு இம்பிளான்ட் வையன்" என்றார். எலும்புக்குள் திருகாணி இறக்கி அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல்தான் இம்பிளான்ட். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

வவுனியாவில் பார்த்த டொக்டர் வேண்டாமென்றார். வேர் நல்லாய் இருக்கும்போது பிடுங்கினால் முன்பக்க எலும்பு சில மாதங்களிலேயே வற்றத் தொடங்கும், அங்கே எலும்பு ஏற்கெனவே மெல்லிய தகடு மாதிரித்தான், பிறகு இம்பிளான்ட் வைக்க, வற்றின இடத்தை நிரப்பும் எலும்புத் தூளும் போட வேண்டி வரும் என்று விளக்கினார். அப்போது என்னிடம் இம்பிளான்டுக்குக் காசும் இல்லை. சரி, வேரை வைத்தே பார்ப்போம் என்று ரூட் கனால் செய்து, அதாவது வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்துத் துப்புரவாக்கி அடைத்து, உள்ளே பைபர் போஸ்ட் என்ற சின்ன நார்க்குச்சி இறக்கி, வெள்ளைப் பசையால் பல்லைக் கட்டியெழுப்பி, மேலே கிரவுன் என்ற பல் உறை போட்டார்கள். கிரவுன் பிடித்து நிற்க முரசுக்கு வெளியே சுற்றிவர 2 மில்லிமீற்றராவது சொந்தப் பல் வேண்டுமாம். எனக்குப் பின்பக்கம் இருந்தது, முன்பக்கம் அரைகுறை. "இது ஆயுசுக்கு இல்லை தம்பி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உங்கள் டொக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து நாலு தரம் போய்வந்தேன். இரண்டாம் தரம் திரும்பும்போது முறிகண்டியில் பஸ் நிற்க, பழக்கதோசத்தில் கச்சான் கோதை முன்பல்லால் உடைத்தேன். தற்காலிகப் பல் கோதோடு கையில் வந்தது. பிழை என்னுடையதுதான்.

நிரந்தரக் கிரவுன் வந்த பிறகு மூன்று வருடம் ஒரு கரைச்சலும் இல்லை. மாங்காயைக் கீறி கடைவாயால் சாப்பிடப் பழகிக்கொண்டேன், சிரித்தால் எது கட்டின பல்லென்று ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் முரசில் கடுகளவு கொப்புளம் வந்தது. நோவே இல்லை, அமத்தினால் சீழ் வரும், அடுத்த நாள் திரும்பவும் நிற்கும். வயல் வேலை என்று இரண்டு மாதம் இழுத்தடித்தேன். எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெளிவாய்த் தெரியவில்லை. கிரவுனைக் கழற்றிப் பார்த்தபோது வேர் நெடுக்காய்ப் பிளந்திருந்தது; பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதச் சீழ் எலும்பையும் கொஞ்சம் தின்றுவிட்டது, ஆகவே கடைசியில் எலும்புத் தூளும் போட வேண்டியதாய்ப் போயிற்று.

இப்போது கழற்றிப் போடும் கட்டுப்பல். தைத்த இடம் ஆறி எலும்பு இறுகினதும் டைட்டேனியம் திருகாணி, அது எலும்போடு ஒட்ட இன்னும் மூன்று முதல் ஆறு மாதம். கச்சானை நகத்தால்தான் உடைக்கிறேன்.