128 த்ரெட் சர்வருக்குக் கண்காணிப்பு மென்பொருள் வாங்குகிறீர்களா? வேலூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

சத்துவாச்சாரியில் எங்களுக்குச் சின்ன அலுவலகம். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு மாடல்களை 3டி-யில் ரெண்டர் செய்து, அதாவது கணினியில் படமாக்கிக் கொடுக்கிறோம். கடன் வாங்கி 64 கோர், 128 த்ரெட் (ஒரே நேரத்தில் 128 வேலைகளை ஓட்டும்) சர்வர் ஒன்று போட்டோம். அதைக் கண்காணிக்க உள்ளூரில் ஒருவரிடம் வருடம் 18,000 ரூபாய்க்கு ஒரு மென்பொருள் வாங்கினேன். அவருடைய லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். த்ரெட்டுக்கு ஒன்றாகச் சுமையைக் காட்டும் எட்டு கோடுகளும் அழகாக ஏறி இறங்கின. நம்பிவிட்டேன்.

மூன்றாவது மாதம் ரெண்டர் இழுக்க ஆரம்பித்தது. திரையில் முதல் 60 கோடுகள் துடிக்கின்றன, மீதி தரையோடு கிடக்கின்றன. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) எத்தனை என்ற கட்டத்தில் எப்போதும் 0. போன் செய்தால், "ரேம் பத்தலை சார், அதான் பாதி சும்மா நிக்குது" என்றார். ரேமும் வாங்கிப் போட்டேன். பத்தே நாளில் டிஸ்க் செத்தது, ஆம்பூர் ஆர்டர் ஒன்று கை நழுவியது.

அப்புறம்தான் ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன்; ஒரு மென்பொருள் எந்தக் கோப்பை எப்படிப் படிக்கிறது என்று காட்டும் கருவி அது. லினக்ஸில் இந்த விவரமெல்லாம் /ப்ராக்/ஸ்டாட் என்ற கோப்பில் வரும். த்ரெட்டுக்கு ஒரு வரி. எங்கள் மெஷினில் வரிக்கு 65 பைட் சுமார். 128 வரி என்றாலே 8,000 பைட் தாண்டிவிடும். அதற்குப் பிறகு இன்டரப்ட் (வன்பொருள் சிப்பைக் கூப்பிடும் சிக்னல்) கணக்கு நீளமாக ஒரே வரியில். அதற்கும் கீழேதான் காத்திருக்கும் ப்ராசஸ்களின் எண்ணிக்கை. இந்த மென்பொருளோ 4,096 பைட் பஃபரில் (படித்ததை வைக்கும் நினைவக இடம்) ஒரே ஒரு தடவை படித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறது. கிடைக்காத எண்களுக்கெல்லாம் 0 போட்டுவிடுகிறது. எனக்கு ஆறவே இல்லை: "தெரியவில்லை" என்று காட்டியிருந்தால்கூட டிஸ்க்கைச் சோதித்திருப்பேனே!

4 கோர், 8 கோர் காலத்தில் 4,096 தாராளம்தான். இன்று 192 த்ரெட் சிப்பே கடையில் கிடைக்கிறது. கோப்பு முடியும்வரை படித்து, இடம் போதாவிட்டால் பஃபரைப் பெரிதாக்குவது சில வரி வேலை. அதைச் சொன்னதற்கு, "இவ்வளவு கோர் யார் சார் போடுறாங்க?" என்கிறார். பணமும் திருப்பித் தரவில்லை.

யாரிடம் வாங்கினாலும் சரி, டெமோவை உங்கள் சர்வரிலேயே ஓட்டச் சொல்லுங்கள். டாஸ்க்செட் (ஒரு ப்ரோகிராமைக் குறிப்பிட்ட த்ரெட்டில் ஓட்டும் லினக்ஸ் கட்டளை) வைத்துக் கடைசி த்ரெட்டில், ஓயாமல் சுற்றும் ஒரு வெற்று லூப்பை ஓடவிடுங்கள். எண் 0-வில் தொடங்குவதால் எங்களுக்கு அது 127. அந்தக் கோடு 100-ஐத் தொடவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.